ஓரெழுத்துப் பிழையும் குடிவழிக் கணக்கும்

மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இன்றும் ஆடப்பட்டு வரும் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களை அறிந்தோர், கூத்து ஏடு வேறு, களரியிலே காணும் கூத்து வேறு என்பதையும் அறிவர். ஏட்டிலே வரவுப் பாட்டும் தருவும் விருத்தமும் வசனமும் நிறைந்து கிடக்கும். சட்டங் கொடுக்கும் நாளில் ஒவ்வொரு கூத்தருக்கும் அவரவர் பகுதி பிரதி செய்யப்பட்டு வழங்கப்படும். பின்னர் அந்தப் பிரதியிலே எதைப் பாடுவது, எதை விடுவது என்று தீர்மானிக்கப்படும். ஏடு பழையபடியே பெட்டிக்குள் இருக்கும். வெட்டும் ஒட்டும் பிரதியிலேதான் நிகழும். பேராசிரியர் சு. வித்தியானந்தன் அவர்கள் 1960களில் பேராதனையிலே 'கர்ணன் போர்' போன்ற கூத்துக்களை விடிய விடிய ஆடும் நிலையிலிருந்து சுருக்கி மேடையேற்றியபோதும் நடந்தது இதுவே. மூல ஏடு அழியவில்லை. களரிக்கு ஏற்ற இன்னொரு வடிவம் அதிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது.

கருவுள்ள கலம் ஒவ்வொன்றும் கணந்தோறும் இதே தொழிலைச் செய்கின்றது என்று கூறினால், அதனை வெறும் உவமை என்று வாசகர் கருதலாகாது. கலத்தின் கருவினுள்ளே டி.என்.ஏ. என்னும் ஏடு பாதுகாப்பாக இருக்கின்றது. புரதம் ஒன்று தேவைப்படும்போது அந்த ஏட்டின் ஒரு பகுதி மட்டும் ஆர்.என்.ஏ. என்னும் பிரதியாக எழுதப்படுகின்றது. இதுவரை உள்ளதை உயர்தர வகுப்பு மாணவரும் அறிவர். ஆனால் எழுதப்பட்ட அந்தப் பிரதி அப்படியே வெளியே அனுப்பப்படுவதில்லை என்பதும், இடையிடையே பெரும் பகுதிகள் வெட்டி நீக்கப்பட்டு எஞ்சியவை ஒன்றோடொன்று பொருத்தப்படுகின்றன என்பதும் விஞ்ஞான உலகுக்கே 1977ஆம் ஆண்டு வரை தெரியாதவை. தடிமனை ஏற்படுத்தும் அடினோ வைரசை ஆராய்ந்துகொண்டிருந்த பிலிப் சார்ப், றிச்சர்ட் றொபேர்ட்ஸ் ஆகியோரின் இரு குழுக்கள் அவ்வாண்டிலே தனித்தனியாக இவ்வுண்மையைக் கண்டன. அதற்காக 1993இல் அவ்விருவருக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீக்கப்படும் பகுதிக்கு இன்ரோன் என்றும், எஞ்சி நிற்கும் பகுதிக்கு எக்சோன் என்றும் 1978இல் வோல்ரர் கில்பேர்ட் பெயரிட்டார்.

நமது குருதியின் செந்நிறத்துக்குக் காரணமான ஈமோகுளோபினையே எடுத்துக்கொள்வோம். அதன் ஒரு கூறாகிய பீற்றா குளோபின் 146 அமினோவமிலங்கள் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. அதனை ஆக்கும் பரம்பரையலகு பதினோராம் நிறமூர்த்தத்திலே இருக்கின்றது. அதன் நீளம் ஏறத்தாழ 1,600 எழுத்துக்கள். இவ்வெழுத்துக்கள் மூன்று எக்சோன்களாகவும் அவற்றுக்கிடையே இரண்டு இன்ரோன்களாகவும் அமைந்துள்ளன. முதலாம் இன்ரோன் 130 எழுத்துக்களையும் இரண்டாம் இன்ரோன் 850 எழுத்துக்களையும் கொண்டவை. பிரதி எழுதப்பட்டதும் இவ்விரண்டும் வெட்டி எறியப்படுகின்றன. அதாவது எழுதப்பட்டதிற் பாதிக்கு மேல் களரிக்கு வருவதேயில்லை.

வெட்ட வேண்டிய இடத்தைக் கலம் எவ்வாறு அறிகின்றது? இன்ரோன் தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் சில எழுத்துக்கள் குறியாக அமைந்திருக்கின்றன. தொடக்கத்தில் ஜி, யூ என்னும் இரண்டும், முடிவில் ஏ, ஜி என்னும் இரண்டும் பெரும்பாலும் மாறாதவை. அவற்றை அடுத்துள்ள எழுத்துக்களும் ஒரு பொது வடிவத்தைத் தழுவி நிற்கும். கருவினுள்ளே இருக்கும் சிறிய ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் அக்குறியோடு எழுத்துக்கு எழுத்து இணைந்து இடத்தை உறுதி செய்ய, நூற்றுக்கு மேற்பட்ட புரதங்கள் அங்கே கூடி வெட்டும் வேலையை முடிக்கின்றன. குறி தெளிவாக இருந்தால் வெட்டும் தெளிவாக விழும். குறி மங்கினால் கத்தி தடுமாறும். இச்சிறு குறிகளிலே ஒன்று மங்கியதனால் எங்கள் குடும்பத்திலே நேர்ந்ததையும், அதனை எண்ணி எண்ணி நான் வந்தடைந்த முடிவையும் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

என் அக்கா, அம்மாவின் தம்பியாகிய மாமாவின் மகனை மணந்தார். படுவான்கரையிலே இத்தகைய உரிமை மணம் புதுமையன்று. குடி பார்த்தார்கள், அக்காவின் குடி வேறு, மச்சானின் குடி வேறு. தாய்வழியாகக் குடியை எண்ணும் எங்கள் ஊர் வழக்கப்படி ஒரே குடிக்குள் மணஞ்செய்வதுதான் விலக்கே அன்றி, மாமன் மகனை மணப்பது விலக்கன்று. மச்சான் தன் தாயாரின் குடியைச் சேர்ந்தவராதலால் எத்தடையும் இருக்கவில்லை. 2004ஆம் ஆண்டு அவர்களுக்கு மூத்த பிள்ளை பிறந்தான். கொழுகொழு என்றிருந்த பிள்ளை ஏழாம் மாதத்துக்குப் பின் வெளிறத் தொடங்கினான். பால் குடிக்க மறுத்தான், வயிறு பருத்தது. கண்ணூறு என்றார்கள், நூல் கட்டினார்கள். வைத்தியர்கள் தலசீமியா என்றார்கள்.

பிறந்தபோது நலமாக இருந்த பிள்ளை பின்னர் ஏன் நலிந்தான் என்பதற்கு விளக்கம் உண்டு. கருப்பையில் இருக்கும் காலத்திலே குழந்தையின் ஈமோகுளோபின் பீற்றாவுக்குப் பதிலாகக் காமா என்னும் வேறொரு சங்கிலியைக் கொண்டு அமைகின்றது. பிறந்து சில மாதங்களிலே காமா குறைந்து பீற்றா அதன் இடத்தைப் பெற வேண்டும். பீற்றாவை ஆக்க இயலாத பிள்ளை அந்த மாற்றத்தின்போதுதான் தன் குறையை வெளிக்காட்டுகின்றது. கண்ணூறு பட்டதாக ஊர் எண்ணிய மாதம், உண்மையிலே ஒரு பரம்பரையலகு அரங்குக்கு வர வேண்டிய மாதம்.

அன்று தொடங்கி மூன்று அல்லது நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை அவனுக்குக் குருதி ஏற்றப்பட வேண்டியதாயிற்று. மண்முனைத் துறையில் 2014ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை வாவியைக் கடப்பதற்குப் பாதையே துணை. அதில் ஏறி அக்கரை சேர்ந்து, பேருந்து பிடித்து நகரத்து வைத்தியசாலைக்குச் சென்று, குருதி ஏறி முடிந்து, கடைசிப் பாதை புறப்படுமுன் துறைக்குத் திரும்புவது அக்காவின் மாதாந்தக் கடமையாயிற்று. 2007 மார்ச்சிலே போர் காரணமாகப் படுவான்கரை மக்கள் ஊர்களைவிட்டு இடம்பெயர்ந்து எழுவான்கரையில் முகாம்களிலே தங்கியிருந்த நாட்களிலும் அக்கா குருதி ஏற்றும் திகதியைத் தவறவிடவில்லை. அகதிமுகாமின் கூடாரக் கம்பத்திலே அத்திகதிகளைக் கரியால் எழுதி வைத்திருந்தார்.

குருதி ஏற்றுவதோடு துன்பம் தீர்வதில்லை. ஒரு பைக் குருதியிலே 200 முதல் 250 மில்லிகிராம் வரை இரும்பு இருக்கின்றது. மிகையான இரும்பை வெளியேற்றும் வழி எதனையும் மனித உடல் கொண்டிருக்கவில்லை. ஆதலால் அது ஈரலிலும் இதயத்திலும் சுரப்பிகளிலும் படிந்து அவற்றை அழிக்கின்றது. அதனை அகற்றும் மருந்தைத் தோலின் கீழ் ஊசியேற்றி, சிறு பம்பி மூலம் இரவிலே எட்டு முதல் பன்னிரண்டு மணித்தியாலம் செலுத்த வேண்டும். கிழமையில் ஐந்தாறு இரவுகள். பிற்காலத்திலே வாயால் உட்கொள்ளும் மருந்து வந்து இத்துன்பத்தைக் குறைத்தது. அவன் இன்று இளைஞன். தொழிற்பயிற்சி முடித்து வேலை செய்கின்றான். முன்பின் அறியாத எத்தனையோ பேரின் குருதி அவனுள்ளே ஓடியிருக்கின்றது. இலங்கையில் 2014 முதல் குருதி முழுவதும் ஊதியம் பெறாத தொண்டர்களிடமிருந்தே பெறப்படுகின்றது என்பதை நினைக்குந்தோறும், பல்கலைக்கழகத்திலே நடைபெறும் இரத்ததான முகாம்களின் வரிசையிலே நிற்கும் மாணவர்களை நான் வேறு கண்ணோடு பார்க்கின்றேன்.

அவனுடைய டி.என்.ஏ. பரிசோதனை முடிவு வந்தபோது நான் பல்கலைக்கழகத்திலே உயிரியல் கற்றுக்கொண்டிருந்தேன். தாளிலே குறிக்கப்பட்டிருந்த விகாரம் இதுதான்: முதலாம் இன்ரோனின் ஐந்தாம் எழுத்திலே ஜி இருக்க வேண்டிய இடத்திலே சி. தாயிடமிருந்து பெற்ற பரம்பரையலகிலும் தந்தையிடமிருந்து பெற்ற பரம்பரையலகிலும் அதே மாற்றம். நான் அதனை மீண்டும் மீண்டும் பார்த்தேன். புரதத்தின் 146 அமினோவமிலங்களைக் கூறும் எழுத்துக்களில் ஒன்றிலேனும் பிழையில்லை. பாட்டிலே பிழையில்லை, பொருளிலே பிழையில்லை. எறியப்பட வேண்டிய ஒரு துண்டின் விளிம்பிலே, 'இங்கே வெட்டுக' என்று காட்டும் குறியிலே ஓரெழுத்து மாறிவிட்டது. அவ்வளவே.

இவ்வோரெழுத்து எவ்வாறு ஓர் உயிரை வாட்டுகின்றது? குறி மங்கியதால் வெட்டும் பொறி உரிய இடத்தை எளிதில் அறிவதில்லை. அது அயலிலே அக்குறியை ஒத்திருக்கும் வேறு மூன்று இடங்களையும் நாடுகின்றது. அவற்றுள் இரண்டு உரிய இடத்துக்கு 16 எழுத்தும் 38 எழுத்தும் முன்னே உள்ளவை. மற்றையது 13 எழுத்துப் பின்னே உள்ளது. தூது ஆர்.என்.ஏ. மும்மூன்று எழுத்தாகவே வாசிக்கப்படுகின்றது. 16, 38, 13 ஆகிய மூன்றும் மூன்றால் வகுபடாத எண்கள். எனவே இடம் தவறி வெட்டப்பட்ட பிரதியிலே அதற்கப்பாலுள்ள ஒவ்வொரு சொல்லும் சிதைந்துவிடுகின்றது. சில பிரதிகள் மட்டும் உரிய இடத்திலே வெட்டப்பட்டுச் சிறிதளவு நல்ல பீற்றா குளோபின் உண்டாகின்றது. உயிர் வாழ அது போதாது.

எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரிய விந்தையான விகாரம் இது என்று முதலில் எண்ணினேன். அவ்வாறன்று. இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் இந்தியாவின் பிற பகுதிகளிலும் பீற்றா தலசீமியாவுக்கு மிகப் பெரும்பான்மையாகக் காரணமாவது இதுவே. இலங்கை வைத்தியர்களும் ஒக்ஸ்போர்ட் ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து நடத்திய விரிவான ஆய்வொன்று 2000ஆம் ஆண்டிலே 'லான்செற்' மருத்துவ இதழில் வெளிவந்தது. எமது நாட்டு நோயாளரிடம் 23 வகையான பீற்றா தலசீமியா விகாரங்களை அவர்கள் கண்டனர். ஆயினும் அவற்றுள் மூன்று மட்டுமே ஏறத்தாழ 70 சதவீதமான நோயாளரின் நிலைக்குப் பொறுப்பாக இருந்தன. ஒன்று, மேலே கூறிய ஐந்தாம் எழுத்து மாற்றம். மற்றொன்று, அதே இன்ரோனின் முதலாம் எழுத்து மாறுவது. அங்கே குறி முற்றாக அழிந்து, நல்ல வெட்டு ஒன்றேனும் விழுவதில்லை. மூன்றாவது, ஈமோகுளோபின் 'ஈ' எனப்படும் வகை. இதிலே 26ஆம் அமினோவமிலம் மாறுகின்றது. ஆனால் அம்மாற்றத்தோடு இன்னொன்றும் நிகழ்கின்றது. ஓரெழுத்து மாறியதால் அயலிலுள்ள எழுத்துக்கள் வெட்டுக்குறியைப் போலத் தோற்றம் பெறுகின்றன. அதனை உண்மைக் குறி என்று மயங்கிக் கலம் சில பிரதிகளை அங்கே வெட்டிவிடுகின்றது. ஒன்றிலே மெய்க்குறி மங்குகின்றது. ஒன்றிலே மெய்க்குறி அழிகின்றது. ஒன்றிலே பொய்க்குறி முளைக்கின்றது. எமது நாட்டின் தலசீமியா பெரும்பாலும் பிரதி திருத்தத்தின் நோய் என்பது இதனாற் பெறப்படும்.

பிரதியைத் திருத்துவது நோய்க்கு மட்டுமே வழி என்று எவரும் எண்ணலாகாது. உயிர்களின் வளமே அதிலே பெரிதும் தங்கியிருக்கின்றது. ஒரே பரம்பரையலகின் பிரதியைக் கலம் வெவ்வேறு விதமாக வெட்டிப் பொருத்தி வெவ்வேறு புரதங்களை ஆக்குகின்றது. இன்ரோன்களைக் கொண்ட மனிதப் பரம்பரையலகுகளுள் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை இவ்வாறு ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களிலே ஆடப்படுகின்றன. சில வேளைகளிலே பிரதியில் உள்ள எழுத்தையே கலம் மாற்றி எழுதுவதும் உண்டு. கொழுப்பைச் சுமக்கும் ஒரு புரதத்தை நமது ஈரல் 4,536 அமினோவமிலங்கள் கொண்டதாக ஆக்குகின்றது. குடலோ அதே பிரதியில் ஓரெழுத்தை மாற்றி நடுவிலே முற்றுப்புள்ளி வைத்து, 2,152 அமினோவமிலங்களோடு நிறுத்திவிடுகின்றது. 1987இலே இது கண்டறியப்பட்டது. வாவிக்கு அப்பாலுள்ள கடலிலே நம் மீனவர் பிடிக்கும் கணவாயின் இனத்தவை இதிலே வல்லவை. வட அமெரிக்கக் கரையோரக் கணவாய் இனமொன்றிலே, புரதத்தின் அமினோவமிலத்தை மாற்றத்தக்க வகையில் ஆர்.என்.ஏ. எழுத்து மாற்றப்படும் இடங்கள் 57,000க்கு மேல் உள்ளன என 2015இலே வெளியான ஆய்வு காட்டிற்று. ஏடு ஒன்றே; ஆட்டங்கள் பல. எங்கள் வீட்டுப் பிள்ளையின் நோய், இவ்வளவு பெரிய திறன் ஒன்றிலே ஏற்பட்ட சிறு தடுமாற்றம் என்று விளங்கியபோது, அதைப் பற்றி இருந்த இனந்தெரியாத அச்சம் என்னிடமிருந்து நீங்கிற்று.

அச்சம் எனக்கு நீங்கிய அளவுக்கு வீட்டிலே மற்றவர்களுக்கு நீங்கவில்லை. இரு வீட்டாரிடையே சொல்லாமற் சொல்லும் குற்றச்சாட்டு ஒன்று பல ஆண்டுகள் நிலவிற்று. மச்சானின் தாயாரான மாமியின் உறவினர் எங்கள் குடியைக் குறை கூறினர். எங்கள் பக்கத்தவர் மாமியின் குடியைக் குறை கூறினர். ஒருநாள் அம்மா என்னிடம் நேரே கேட்டார்: "மனே, நீ படிச்சவன். இது ஆர்ர குடியால வந்தது எண்டு சொல்லு பாப்பம்."

அதற்கு விடை சொல்வதற்காக நாங்கள் எல்லோரும் குருதி பரிசோதித்தோம். அக்காவும் மச்சானும் காவிகள் என்பது முன்னரே தெரியும். அம்மாவும் காவி, மாமாவும் காவி, நானும் காவி. மாமியிடம் அது இல்லை. என் தந்தையிடமும் இல்லை. என் தங்கையிடமும் இல்லை. ஆகவே அம்மாவும் மாமாவும் பிறந்த ஒரே வீட்டிலிருந்துதான் அந்த எழுத்து இரு வழியாகவும் இறங்கியிருக்கின்றது. அம்மம்மாவிடமிருந்து வந்ததா, அவரை மணந்து வந்த அம்மப்பாவிடமிருந்து வந்ததா என்பதைக் கூற இருவரும் இன்று உயிரோடு இல்லை. தாளிலே வரைந்து காட்டியபோது அம்மா நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்ப ரெண்டு பக்கமும் ஒரு பக்கந்தானே" என்றார். பல்கலைக்கழகத்திலே பல விரிவுரைகள் கேட்டிருக்கின்றேன். பிறப்புரிமையியலை இவ்வளவு சுருக்கமாக எவரும் கூறக் கேட்டதில்லை.

குடிவழிக் கணக்கு எமது சமூகத்தின் நுட்பமான அமைப்புக்களுள் ஒன்று. கோயிலுரிமையும் வரிசையும் அதன்படி வகுக்கப்பட்டன. அதனை இகழ்வது என் கருத்தன்று. ஆனால் அது தாயின் வழியை மட்டும் எண்ணும் கணக்கு. பதினோராம் நிறமூர்த்தமோ தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வருவது. ஒரு குடிக்குள் மணஞ்செய்யாதே என்ற விதியால் இரத்த உறவு விலகிவிடுகின்றது என்று பலர் நம்புகின்றனர். மாமன் மகளும் அத்தை மகனும் வேறு குடியினராயினும், ஒரே பாட்டன் பாட்டியின் எழுத்துக்களைப் பங்கிட்டுக்கொண்டவர்கள். கணக்கு எளிது. இலங்கையிலே பீற்றா தலசீமியாக் காவிகள் நூற்றுக்கு ஏறத்தாழ இருவர். எனவே ஒரு காவி உறவில்லாத ஒருவரை மணந்தால் அவரும் காவியாக இருப்பதற்கான வாய்ப்பு ஐம்பதில் ஒன்றளவு. தன் மாமன் மகளையோ அத்தை மகளையோ மணந்தால், அவரும் அதே எழுத்தைக் கொண்டிருப்பதற்கான வாய்ப்பு எட்டில் ஒன்று. இருவரும் காவிகளாயின் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. முதற்பிள்ளை நோயுற்றது என்பதால் அடுத்த மூவரும் தப்புவர் என்பதில்லை; ஒவ்வொரு முறையும் நான்கில் ஒன்றே.

காவியாக இருப்பவருக்கு நோய் இல்லை என்பதை அழுத்திக் கூற வேண்டும். எனக்குச் செங்குழியங்கள் சற்றுச் சிறியவை. அதற்கு மேல் ஒன்றுமில்லை. இவ்வெழுத்து நம்மிடையே இவ்வளவு பரவியிருப்பதற்கும் காரணம் உண்டு. தலசீமியாக் காவிகளை மலேரியா எளிதில் கொல்லாது என்னும் கருத்தை 1949இலே ஜே. பி. எஸ். ஹால்டேன் முன்வைத்தார். பின்னாளிலே இந்தியாவிற் குடியேறி 1964இலே புவனேசுவரத்தில் மறைந்த அறிஞர் அவர். அவர் காட்டிய வழியிலே பின்வந்தோர் செய்த ஆய்வுகள் அக்கருத்துக்கு வலுவூட்டின. குளமும் வயலும் காடும் சூழ்ந்த எமது உலர்வலயத்திலே நூற்றாண்டு நூற்றாண்டாகக் காய்ச்சல் பிள்ளைகளைக் கொண்டுசென்றபோது, ஒரு பிரதியிலே மட்டும் மங்கிய குறியைக் கொண்டவர் தப்பிப் பிழைத்தனர். நாம் அத்தகையோரின் வழித்தோன்றல்களாக இருக்கலாம். இலங்கையிலிருந்து மலேரியா ஒழிக்கப்பட்டது என்று உலக சுகாதார நிறுவனம் 2016 செப்ரெம்பரிலே சான்றளித்தது. காய்ச்சல் போய்விட்டது; அதற்காக நம் முன்னோர் கொடுத்த விலை மட்டும் நம் குருதியிலே தங்கியிருக்கின்றது. இதிலே இழிவு எங்கே இருக்கின்றது? இருப்பினும் 'இரத்தத்திலே குறையுள்ள குடும்பம்' என்ற சொல் இன்றும் கலியாணப் பேச்சிலே கத்தியாக விழுகின்றது.

எனக்குப் பெண் பார்த்த காலத்திலே, நான் காவி என்பதைச் சொல்லக்கூடாது என்று உறவினர் பலர் அறிவுரை கூறினர். "உனக்கு நோயில்லையே, இல்லாததை ஏன் சொல்ல வேணும்?" என்றனர். நான் சொன்னேன். முதலாவது பேச்சு அதோடு நின்றது. காரணம் கேட்கவில்லை, அவர்கள் கூறவுமில்லை. ஆனால் அடுத்த மாதம் தங்கைக்கு வரவிருந்த சம்பந்தமும் நின்றது. அவளிடம் அந்த எழுத்து இல்லை என்ற வைத்திய அறிக்கை வீட்டிலே இருந்தது. அதனைப் பார்க்க எவரும் வரவில்லை. அவள் என்னைக் கோபிக்கவில்லை. "அண்ணா, மறைச்சுக் கட்டினா அக்கா பட்ட பாட்டை இன்னொருத்தி படுவா" என்று மட்டும் சொன்னாள். இரண்டாண்டுகளின் பின் எனக்கு அமைந்த பெண்ணின் தந்தையார் தாமே மகளை அழைத்துச் சென்று பரிசோதனை செய்வித்தார். தங்கைக்கும் பின்னர் நல்ல இடம் வாய்த்தது. ஆயினும் அவ்விரண்டு ஆண்டுகளின் கனத்தை நான் அறிவேன். உண்மையைச் சொல்பவர் தண்டிக்கப்படும் ஊரிலே உண்மையைச் சொல்லுமாறு மற்றவரைத் தூண்டுவது எளிதன்று என்பதையும் அறிவேன்.

சைப்பிரசுத் தீவிலே ஏழு பேரில் ஒருவர் காவி. அங்கு 1970களிலே பரிசோதனை இயக்கம் தொடங்கிற்று. 1983 முதல் திருமணத்துக்கு முன் பரிசோதனைச் சான்றிதழைத் திருச்சபையே கேட்கலாயிற்று. அச்சான்றிதழ் எவருடைய மணத்தையும் தடுப்பதற்கன்று. இருவரும் அறிந்தே மணக்கின்றனர் என்பதை உறுதி செய்வதற்கே. சில ஆண்டுகளிலே அங்கு நோயோடு பிறக்கும் பிள்ளைகள் மிக அரிதாயினர். அங்கே கருவிலே பரிசோதித்து முடிவெடுக்கும் வழியும் சட்டத்திலே இருந்தது. எமது நாட்டுச் சட்டம் தாயின் உயிரைக் காப்பதற்காகவன்றிக் கருவைக் கலைக்க இடமளிப்பதில்லை. அதன் நன்மை தீமைகளை இங்கு ஆராயப் புகவில்லை. ஆனால் ஒன்று தெளிவு: மணத்துக்கு முன் அறிந்துகொள்வதே நம்மிடமுள்ள பெருவழி. அதனை மறைத்தால் மிக எளிய வழி அடைபட்டுப்போகும்.

மருத்துவம் கைகட்டி நிற்கவில்லை என்பதும் உண்மையே. தவறான வெட்டிடத்தைச் சிறு செயற்கைத் துணுக்கொன்றால் மூடி மறைத்தால், கலம் மீண்டும் சரியான இடத்திலே வெட்டும் என்பதை 1993ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர் ஆய்வுகூடத்திலே காட்டினர். அவர்கள் எடுத்துக்கொண்டது தலசீமியாப் பரம்பரையலகின் ஆர்.என்.ஏ.யே. இதே தத்துவத்திலே அமைந்த மருந்தொன்று, தசைகளை நலிவிக்கும் வேறொரு பரம்பரை நோய்க்காக 2016 டிசெம்பரிலே அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. தலசீமியாவுக்கோ டி.என்.ஏ. ஏட்டிலேயே கைவைத்து, உறங்கும் காமாச் சங்கிலியை மீண்டும் எழுப்பும் சிகிச்சை 2023 நவம்பரிலே பிரித்தானியாவில் அனுமதிக்கப்பட்டது. அதன் விலை படுவான்கரையின் ஒரு கிராமத்து மக்கள் அனைவரும் சேர்ந்தாலும் திரட்ட முடியாதது. அது நம் கைக்கு எட்டும் நாள் வரட்டும். அதுவரை சில நூறு ரூபாவோடு தொடங்கக்கூடிய பரிசோதனை ஒன்று நம்மிடம் இருக்கின்றது. சாதாரணக் குருதி எண்ணிக்கையிலே செங்குழியத்தின் பருமன் 80 பெம்ரோலீற்றருக்குக் குறைவாகவோ, அதிலுள்ள ஈமோகுளோபின் 27 பிக்கோகிராமுக்குக் குறைவாகவோ இருந்தால், அடுத்த படியாக ஈமோகுளோபின் வகைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இரும்புக் குறைபாட்டாலும் செங்குழியம் சிறுக்கும். ஆதலின் வைத்தியரின் விளக்கம் இன்றி எவரும் தாமே முடிவு கட்டலாகாது.

இம்மலரை வாசிக்கும் மாணவர்களிற் பெரும்பாலோர் இன்னும் சில ஆண்டுகளிலே மணவாழ்வு காணப்போகின்றவர்கள். அவர்களின் வீடுகளிலே நாளும் கோளும் பார்ப்பார்கள், குடி பார்ப்பார்கள், சீதனம் பேசுவார்கள். அப்பேச்சுகளோடு இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்கும் துணிவு படித்தவர்களிடமிருந்தே தொடங்க வேண்டும். தம்மைப் பற்றிய விடையை முதலிலே சொல்லிவிட்டுப் பிறரைக் கேட்பாராயின் அக்கேள்வி எவரையும் புண்படுத்தாது. என் மருமகன் சென்ற ஆண்டு தன் வேலைத்தலத்து நண்பர்கள் பதினொரு பேரைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றான். இருவர் காவிகள் என்று தெரிந்தது. அவர்களுக்கு அவன் கூறிய ஆறுதல்: "பயப்பிடாத மச்சான், உனக்கு ஒண்டுமில்ல. கட்டப்போறவளையும் ஒருக்காக் கூட்டிக்கொண்டு வா."